ஜிப் கோப்புக்குள் என்ன நடக்கிறது?

தமிழில் தட்டச்சு செய்த ஒரு நீண்ட உரைக்கோப்பையும் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தையும் தனித்தனியே ஜிப் கோப்பாக மாற்றிப் பார்த்தால், உரை தன் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடுவதையும், படமோ ஏறத்தாழ இருந்த அளவிலேயே நின்றுவிடுவதையும் காணலாம். இரண்டையும் சுருக்கியது ஒரே நிரல்தான். சுருங்கிய உரையை மறுபடி பிரித்தெடுத்தால் ஒரு காற்புள்ளிகூடக் குறையாமல் அப்படியே திரும்பி வருகிறது. எதையும் தூக்கி எறியாமலேயே அளவு குறைந்திருக்கிறது என்றால், அந்த உரை கணினியில் எழுதப்பட்டிருந்த முறையிலேயே தேவைக்கு மிஞ்சிய ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். சுருக்கும் நிரல் செய்வதெல்லாம் அந்த மிகையைக் கண்டுபிடித்து நீக்குவதுதான்.

தமிழ் உரையில் இந்த மிகை எவ்வளவு என்பதை எளிதில் எண்ணிப் பார்க்கலாம். இன்று பெரும்பாலான கோப்புகளில் எழுத்துகள் யுடிஎஃப்-8 என்னும் முறையில் பதிவாகின்றன. அம்முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணுக்குரிய இடம், போதும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் தனி எண் பெற்ற தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும், அது உயிரெழுத்தோ, அகர மெய்யோ, புள்ளியோ, துணைக்காலோ எதுவானாலும், மூன்று பைட்டுகள் செலவாகின்றன. ‘வாழை’ என்பது நம் கண்ணுக்கு இரண்டே எழுத்து. கணினிக்கோ அது வகரம், துணைக்கால், ழகரம், ஐகாரக்குறி என நான்கு குறிகள், ஆகவே 12 பைட்டுகள். அந்தப் பைட்டுகளை எண்களாக எழுதினால் 224, 174, 181. 224, 174, 190. 224, 174, 180. 224, 175, 136 என்று வரும். எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் முதல் பைட் 224 தான். இரண்டாவது பைட் 174 அல்லது 175 தவிர வேறாக இருக்கவே முடியாது. உண்மையான செய்தி பெரும்பாலும் மூன்றாவது பைட்டில்தான் இருக்கிறது. சுருக்கும் நிரலுக்குத் தமிழும் தெரியாது, யுடிஎஃப்-8 முறையும் தெரியாது. ஆனாலும் இந்த ஒழுங்கை அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

அதற்கு அது கையாளும் முதல் வழியை ஆபிரகாம் லெம்பெல், யாகோப் சிவ் என்னும் இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளையும் அந்த ஆண்டையும் சேர்த்து அதனை எல்இசட்77 என்று அழைப்பர். முன்னரே வந்துபோன ஒரு தொடர் மறுபடி வரும்போது அதைத் திரும்ப எழுதாமல், ‘இவ்வளவு தூரம் பின்னே போய் இத்தனை பைட்டுகளை எடுத்துக்கொள்’ என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதிவிட்டு நகர்வதே அதன் அடிப்படை.

‘வாழைப்பூ, வாழைத்தண்டு, வாழைக்காய்’ என்ற பட்டியலை எடுத்துக்கொள்வோம். காற்புள்ளியும் இடைவெளியும் உட்பட இதற்கு 91 பைட்டுகள் ஆகின்றன. ‘வாழைப்பூ’ முதல்முறை வருவதால் ஏறக்குறைய முழுவதையும் அப்படியே எழுதியாக வேண்டும். அடுத்த ‘வாழை’ தொடங்கும் இடம் முதல் ‘வாழை’யிலிருந்து 26 பைட் தள்ளி இருக்கிறது. எனவே ‘26 பைட் பின்னே போ’ என்று குறித்துவிடலாம். அங்கிருந்து எத்தனை பைட்டுகளை எடுப்பது? 12 என்றுதான் நாம் சொல்வோம். நிரலோ 14 என்று எழுதும். முதல் சொல்லில் ‘வாழை’க்குப் பின் வரும் பகரமும் இரண்டாவதில் வரும் தகரமும் நமக்கு வேறு வேறு எழுத்துகள், ஆனால் இரண்டுக்கும் முதல் இரண்டு பைட்டுகள் 224, 174 என்றே இருப்பதால் பொருத்தம் எழுத்தின் நடுவரை நீள்கிறது. மூன்றாவது சொல்லுக்கு வரும்போது அதற்கு முந்தைய காற்புள்ளியும் இடைவெளியும்கூட முன்பு வந்தவையே ஆகிவிடுவதால், 35 பைட் பின்னே போய் 16 பைட்டுகளை ஒரே வீச்சில் எடுத்துக்கொள்ளலாம். இலக்கணம் வகுத்த எல்லைகளை மதிக்காமல் பைட்டுகளின் ஒற்றுமையை மட்டுமே பார்க்கும் இந்தக் குருட்டுத்தன்மைதான் அம்முறையின் வலிமை என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் தமிழ் உரைக்கும், நிரல் வரிகளுக்கும், கணக்குப் பதிவேட்டுக்கும் ஒரே முறை பொருந்துகிறது.

ஜிப் கோப்பில் வழக்கமாகப் பயன்படும் வடிவத்தில் நிரல் 32,768 பைட் வரைதான் பின்னோக்கித் தேட முடியும். ஒரு பொருத்தம் குறைந்தது 3 பைட்டும் அதிகமாக 258 பைட்டும் இருக்கலாம். 10 பக்கத்துக்கும் குறைவான தமிழ் உரையே 32,768 பைட்டுகளை நிரப்பிவிடும் என்பதால், ஒரு நாவலின் இறுதி அத்தியாயத்தில் வரும் பெயருக்கு முதல் அத்தியாயத்தைக் காட்ட இம்முறையால் இயலாது.

இனி இரண்டாவது வழி. மேற்சொன்ன வேலை முடிந்த பின் கையில் எஞ்சுவது தனிப் பைட்டுகளும் நீளங்களும் தூரங்களும் கலந்த ஒரு வரிசை. இவற்றில் சில அடிக்கடி வரும், சில அரிதாக வரும். எல்லாவற்றுக்கும் ஒரே நீளமுள்ள குறியைக் கொடுப்பது வீண்செலவு. அடிக்கடி வருவதற்குச் சிறிய குறியும் அரிதானதற்குப் பெரிய குறியும் தந்தால் மொத்தம் குறையும். நான்கு எழுத்துகள் மட்டும் உள்ள ஒரு சிறு செய்தியில் அகரம் நான்கு முறையும், இகரம் இரண்டு முறையும், உகரமும் எகரமும் ஒவ்வொரு முறையும் வருவதாகக் கொள்வோம். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம். ஒவ்வொன்றுக்கும் 2 பிட் என்று ஒதுக்கினால் 16 பிட் ஆகும். அகரத்துக்கு 0, இகரத்துக்கு 10, உகரத்துக்கு 110, எகரத்துக்கு 111 என்று ஒதுக்கினால் 14 பிட் போதும். எந்தக் குறியும் மற்றொன்றின் தொடக்கமாக அமையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் இடையில் பிரிப்பான் எதுவும் இல்லாமலேயே படிக்கும் நிரல் ஒவ்வொரு குறியும் எங்கே முடிகிறது என்று ஐயமின்றி அறிகிறது.

இத்தகைய குறிகளுள் மிகச் சிறந்த தொகுதியைக் கட்டும் வழியைக் கண்டவர் டேவிட் ஹஃப்மன். 1951-இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் மாணவராக இருந்தபோது, அவருடைய ஆசிரியர் ராபர்ட் ஃபானோ இறுதித் தேர்வுக்கு மாற்றாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று அறிவித்து, தாமே முழுமையாகத் தீர்க்காத இக்கணக்கை அதற்கான பொருளாகக் கொடுத்திருந்தார். ஃபானோவின் முறை மொத்தத் தொகுதியை மேலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டு வந்தது. ஹஃப்மன் அதைத் தலைகீழாக்கி, மிக அரிதான இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, அந்த ஒன்றையும் மற்றவற்றோடு நிறுத்தி மறுபடி மிக அரிதான இரண்டைச் சேர்த்து, இப்படியே கீழிருந்து மேலே கட்டிச் சென்றார். குறி ஒன்றுக்கு முழு எண்ணிக்கையில் பிட்டுகளை ஒதுக்கும் முறைகளுள் இதைவிடச் சிறந்தது இருக்க முடியாது என்பதையும் நிறுவினார். கட்டுரை 1952-இல் வெளியானது.

இந்த இரண்டு வழிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததே டிஃப்ளேட் என்னும் முறை. அதை வடிவமைத்தவர் ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர். அவர் 1989-இல் பிகேஜிப் என்ற நிரலையும் ஜிப் வடிவத்தையும் வெளியிட்டார். டிஃப்ளேட் 1993-இல் அந்த நிரலின் இரண்டாம் பதிப்போடு வந்தது. ஜிப் கோப்பின் உள்ளமைப்பை விளக்கும் ஆவணத்தை எவரும் படித்துப் பயன்படுத்தலாம் என்று அவர் திறந்துவிட்டதே அது உலகெங்கும் பரவ முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன். இன்று பிஎன்ஜி படங்களிலும், லினக்ஸில் வழங்கும் ஜிஜிப் கோப்புகளிலும் டிஃப்ளேட்தான் உள்ளது. வேர்ட் நிரலின் டாக்எக்ஸ் ஆவணமும், ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே கோப்பும், மின்னூலின் இபப் கோப்பும் பெயர் மாற்றிக்கொண்ட ஜிப் கோப்புகளே. எந்த ஜிப் கோப்பின் பைட்டுகளைத் திறந்து பார்த்தாலும் காட்ஸின் பெயருக்குரிய ‘பி’, ‘கே’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தொடக்கத்திலேயே தென்படும்.

படம் ஏன் சுருங்கவில்லை என்பது இப்போது விளங்கும். கைப்பேசி அதை ஜேபெக் வடிவில் சேமிக்கும்போதே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களை நீக்கி, எஞ்சியதை ஹஃப்மன் குறிகளாகவும் மாற்றிவிட்டது. மிகை ஏற்கெனவே பிழிந்தெடுக்கப்பட்டுவிட்டதால் ஜிப் நிரலுக்கு அங்கே வேலை இல்லை. பாடல், காணொளிக் கோப்புகளின் நிலையும் இதுவே. இத்தகைய பகுதிகளை டிஃப்ளேட் சுருக்க முயலாமல், ‘பின்வருவதை அப்படியே எடுத்துக்கொள்’ என்ற குறிப்போடு மாற்றமின்றி வைத்துவிடும். 65,535 பைட் வரையிலான ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 5 பைட் மட்டுமே அதனால் கூடும்.

எல்லாக் கோப்புகளையும் சுருக்கவல்ல முறை ஒன்றை என்றாவது கண்டுபிடித்துவிட முடியாதா என்று கேட்கத் தோன்றலாம். முடியாது என்பதற்கு எண்ணிக்கையே சான்று. 1,000 பிட் நீளமுள்ள கோப்புகள் எத்தனை இருக்க முடியுமோ, அதைவிடக் குறுகிய எல்லாக் கோப்புகளையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. அப்படியானால் குறைந்தது இரண்டு கோப்புகள் ஒரே சுருக்கத்தைப் பெற்றாக வேண்டும். பிரித்தெடுக்கும்போது அவற்றுள் எது மூலம் என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது.

சுருக்குவது ஒரு வேலை. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது மற்றொரு வேலை. ஜிப் இரண்டையும் செய்கிறது, அதுவும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கி வரிசையாக அடுக்குகிறது. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்ற முழு அட்டவணை கடைசியில் எழுதப்படுகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட பெரிய ஜிப்பைத் திறந்தவுடன் பட்டியல் உடனே தோன்றுவதற்கும், அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் நொடியில் எடுக்க முடிவதற்கும் இந்த அட்டவணையே காரணம். பதிவிறக்கம் பாதியில் அறுந்தால் உள்ளடக்கத்தின் பெரும்பகுதி வந்து சேர்ந்திருந்தும் ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று நிரல் கைவிரிப்பதற்கும் அதுவே காரணம்: வராமல் போனது அட்டவணை. ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்ற 4 பைட் சரிபார்ப்பு எண்ணும் உடன் வைக்கப்படுகிறது. பிரித்தெடுத்த பின் நிரல் அதை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறது. வழியில் தற்செயலாக நேர்ந்த பிழையை அது காட்டிக்கொடுக்கும். வேண்டுமென்றே மாற்றியவரிடமிருந்து காப்பாற்றாது.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதள உலகின் மரபு வேறு. அங்கே டார் என்ற நிரல் கோப்புகளை, அவற்றின் உரிமையாளர், அனுமதி விவரங்களோடு, 512 பைட் கட்டங்களாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும். அந்த மொத்தத்தையும் ஜிஜிப் ஒரே நீள்தொடராகச் சுருக்கும். ஒரு கோப்பில் வந்த தொடரை அடுத்த கோப்பு சுட்டிக்காட்ட முடிவதால், ஒன்றையொன்று ஒத்த சிறு கோப்புகள் பல இருந்தால் ஜிப்பைவிட இது நன்றாகச் சுருங்கும். அதற்கான விலை, கடைசியில் உள்ள ஒரு கோப்பு வேண்டுமானாலும் முதலிலிருந்து எல்லாவற்றையும் விரித்துக்கொண்டே வர வேண்டும் என்பது. ரஷ்ய நிரலாளர் இகோர் பாவ்லோவ் உருவாக்கிய 7-ஜிப்பின் சொந்த வடிவமும் இயல்பாகப் பல கோப்புகளைச் சேர்த்தே சுருக்குகிறது. அதிலுள்ள எல்இசட்எம்ஏ முறை 32,768 பைட்டோடு நில்லாமல் பல மெகாபைட் தூரம் பின்னோக்கித் தேடுகிறது. நெடுநாள் வைத்திருக்க வேண்டிய பெரிய உரைத் தொகுப்புகளுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். பிறருக்கு அனுப்புவதற்கு எந்தக் கணினியிலும் திறக்கும் ஜிப்பே மேல்.

சுருக்குவதற்கு ஆகும் நேரத்தைவிடப் பிரித்தெடுப்பதற்கு மிகக் குறைந்த நேரமே ஆகும். எங்கே பொருத்தம் இருக்கிறது என்று தேடும் கடினமான பகுதி சுருக்கும்போதே முடிந்துவிட்டது. பிரிக்கும் நிரலுக்குக் குறியைப் படித்து, சொன்ன இடத்திலிருந்து நகலெடுப்பது மட்டுமே வேலை. இந்த எளிமையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே பைட் கோடிக்கணக்கான முறை திரும்ப வரும் கோப்பை டிஃப்ளேட் ஏறத்தாழ 1,032-இல் ஒரு பங்காகச் சுருக்கிவிடும். அத்தகைய ஜிப்களை ஜிப்புக்குள் ஜிப்பாகப் பல அடுக்குகள் வைத்தால், சில கிலோபைட் கோப்பு ஒன்று வட்டு முழுவதையும் நிரப்பக்கூடியதாகிவிடும். அறியாத இடத்திலிருந்து வந்த ஜிப்பைப் பிரிக்கும் முன் அட்டவணையில் காட்டப்படும் விரிந்த அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடவுச்சொல் இட்டு அனுப்புவோர் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். ஜிப்பின் பழைய பூட்டுமுறையை, உள்ளே இருக்கும் பைட்டுகளில் மிகச் சிலவற்றை முன்கூட்டியே அறிந்திருந்தால் உடைத்துவிடலாம் என்று எலி பிஹாமும் பால் கோச்சரும் 1994-இல் காட்டினார்கள். எனவே ஏஇஎஸ் என்னும் வலுவான பூட்டுமுறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பூட்டினாலும் வழக்கமான ஜிப்பில் கோப்புகளின் பெயர்கள் எவரும் படிக்கும்படி வெளிப்படையாகவே இருக்கும். 7-ஜிப்பின் சொந்த வடிவத்தில் பெயர்களையும் மறைக்க வழி உண்டு.

தமிழில் பெயரிட்ட கோப்புகளை அனுப்புவோர் சந்திக்கும் குழப்பம் ஒன்றும் இங்கே சொல்லத் தக்கது. பழைய ஜிப் விதிப்படி கோப்புப் பெயர்கள் ஐபிஎம் கணினிகளின் 437 என்ற எழுத்து அட்டவணையில் இருக்க வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று அறிவிக்கும் ஒரு பிட் 2006-இல் விதிகளில் சேர்க்கப்பட்டது. சுருக்கிய நிரல் அந்தப் பிட்டை இடாமல் விட்டால், பிரிக்கும் நிரல் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் மூன்று அயல் குறிகளாகப் படிக்கக்கூடும். அந்த அட்டவணையில் 224 என்பது கிரேக்க ஆல்ஃபா. 174, 175 என்பவை இரட்டைக் கோண மேற்கோள் குறிகள். பெயரெங்கும் ஆல்ஃபாவும் கோணக் குறிகளும் மாறி மாறி வந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணி அழித்துவிட வேண்டாம். உள்ளடக்கம் முழுமையாகவே இருக்கிறது. பெயரின் பைட்டுகளை யுடிஎஃப்-8 எனக் கொள்ளும்படி தேர்ந்தெடுக்க இடம் தரும் நிரலால் மறுபடி பிரித்தெடுத்தால் தமிழ்ப் பெயர் அப்படியே கிடைத்துவிடும்.