யுட்டோப்பியா: போகாத ஊரா, இன்னும் வராத ஊரா?

கேரள எல்லையில் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் மலையாளப் பேப்பர் புரட்டுகிறவர்களுக்கு 'உட்டோப்யன்' பழகிய சொல்தான். ஒரு யோசனை நடக்காது என்று தள்ளிவிட அது கைக்கு எளிது. அதையே நாங்கள் தமிழில் 'போகாத ஊருக்கு வழி' என்கிறோம். அந்த அயல்சொல்லுக்குள்ளும் ஓர் ஊர் ஒளிந்திருக்கிறது.

1516ல் இங்கிலாந்தின் தாமஸ் மோர் லத்தீனில் எழுதிய நூல் லூவன் நகரில் அச்சானது. அதில் வரும் கற்பனைத் தீவின் பெயர்தான் யுட்டோப்பியா. கிரேக்கத்தில் 'டோப்போஸ்' என்றால் இடம், 'ஊ' என்றால் இல்லை. ஆக, இல்லாத இடம். ஆனால் 'எயு' என்றால் நல்ல என்று பொருள். ஆங்கில வாயில் இரண்டும் ஒரே ஒலிதான். இது தற்செயல் இல்லை. நூலின் முன்னால் உள்ள ஒரு சிறு பாட்டில், தன்னை 'நல்ல இடம்' என்று அழைப்பதே தகும் என்று அந்தத் தீவே சொல்கிறது. அங்கே ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வேலை, வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது.

அப்புறம் 1771ல் ஒரு பிரெஞ்சுக்காரர் தன் நல்லுலகைத் தீவில் வைக்காமல் 2440ஆம் ஆண்டில் வைத்தார். இடமாக இருந்தது காலமாக மாறியது இப்படித்தான். இதற்கு எதிரான சொல் 'டிஸ்டோப்பியா', அதாவது கெட்ட இடம். அதையொட்டிய 'டிஸ்டோப்பியன்' என்ற சொல்லை 1868ல் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசினார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கனவுலகு, கற்பனையுலகு என்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. சொல்லும்போதே கதவைச் சாத்திவிடுகின்றன. பொன்னுலகம் என்றால் அது தேவர்கள் இருக்கும் இடம், உயிரோடு போக முடியாது.

மோரின் இரட்டைப் பொருளைத் தாங்கும் சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: இல். 'இல்லை'யின் வேரும் அதுதான், வீடு என்ற பொருளும் அதற்கு உண்டு. இங்கே எல்லையில் இது இன்னும் பளிச்சென்று கேட்கும். மலையாளத்தில் 'இல்ல' என்றால் இல்லை, 'இல்லம்' என்றால் வீடு. கிரேக்கத்துக்கு இரண்டு அசை தேவைப்பட்டது, நமக்கு ஒன்றே போதும். வள்ளுவரும் நாடு என்பதை இல்லாததை வைத்துத்தான் வரையறுத்தார்: கடும்பசி, ஓயாத நோய், அழிக்கும் பகை இவை சேராத நாடே நாடு.

ஆகவே என் பரிந்துரை இல்லூர். இன்னும் இல்லாத ஊர், நாம் குடியிருக்க வேண்டிய ஊர். மோர் நினைத்த மற்றொரு பொருளுக்கு நல்லூர், டிஸ்டோப்பியாவுக்குப் பொல்லூர். 'இல்லை' என்பது வருங்காலத்தை முழுக்க மூடிவிடாது. வருங்காலத்தையும் மறுக்க நமக்கு 'இருக்காது' என்று தனிச்சொல் உண்டு. ஊர் இல்லை என்பது வேறு, ஊர் இருக்காது என்பது வேறு.

இதை நான் வெறும் இலக்கணமாகச் சொல்லவில்லை. எங்கள் சித்தூர்ப்புழையில் ஓடும் தண்ணீருக்குப் பின்னால் தமிழ்நாடும் கேரளமும் 1970ல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் இருக்கிறது. ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்தின் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று எழுதியதோடு, 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கோடையில் தண்ணீர்ச் சச்சரவு இன்னும் ஓயவில்லைதான். ஆனால் அந்த 30 என்ற எண்ணை எழுதும்போது, அன்று பிறக்காத பிள்ளைகளையும் பேச்சில் ஒரு தரப்பாக உட்கார வைத்தார்கள். காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும் என்று தெரிந்தே வரப்பில் பனங்கொட்டை ஊன்றுகிற கிழக்குப் பாலக்காட்டுக் கிழவரும் இதே வேலையைத்தான் செய்கிறார்.

யுட்டோப்பியன் என்பதற்கு இனி இல்லூர்க்காரர் என்று எழுதலாம். அந்தக் கிழவருக்கு இந்தப் பெயர் பொருந்தும், 'கனவுலகவாசி' பொருந்தாது.