கிறக்கம் எங்கிருந்து வருகிறது?

திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் ‘கிறக்கமா வருது’ என்றால் அதற்குப் பல பொருள் உண்டு. வீடே ராட்டினம் போலச் சுழல்வதையும், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவதையும், கால் தரையில் பாவாமல் தள்ளாடுவதையும் அந்த ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். கேட்பவர்களும் ‘பித்தம்’ என்று முடிவு கட்டி, இஞ்சிச்சாறோ எலுமிச்சைச்சாறோ கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த மூன்றும் உடம்பின் வெவ்வேறு இடங்களிலிருந்து வரக்கூடியவை. எது எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் கவனிக்காதவரை உண்மைக் காரணம் பிடிபடாது.

அம்பாசமுத்திரத்துக்கு அருகில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு ஒரு நாள் விடியற்காலையில் இது வந்தது. பாயில் இடப்பக்கமாகப் புரண்டு படுத்த மறுநொடியே ஓட்டுக்கூரையும் உத்தரமும் சுழலத் தொடங்க, பாயின் ஓரத்தை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, கூரை சுத்துதுட்டி” என்று மகளைக் கூப்பிட்டிருக்கிறார். மகள் இஞ்சி தட்டிச் சாறு எடுத்து வருவதற்குள் சுழற்சி அடங்கிவிட்டது. குணமாக்கிய பெயர் மட்டும் இஞ்சிக்குப் போனது. படுக்கையில் புரளும்போதும், பரணைப் பார்க்கத் தலையை நிமிர்த்தும்போதும் வந்து, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடுவதுதான் இந்த வகைத் தலைசுற்றலின் அடையாளம். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதுவே மருந்தாகத் தோன்றியிருக்கும்.

இதன் இருப்பிடம் உட்செவி. ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழாய்கள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக, திரவம் நிரம்பி நிற்கின்றன. ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு துளசி இலையை மிதக்கவிட்டு, செம்பைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள்: செம்பு திரும்பும், இலை நின்ற இடத்திலேயே நிற்கும். தலை திரும்பும்போது குழாய்த் திரவமும் அப்படித்தான் பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டை நுண்ணிய உணர்மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. தட்டாமாலை சுற்றிய பிள்ளைகள் நின்ற பிறகும் உலகம் சுற்றுவதற்குக் காரணமும் இதுவே. உடல் நின்றுவிட்டாலும் உள்ளிருக்கும் திரவமும் அதன் தூண்டுதலும் உடனே அடங்குவதில்லை. காதுக்குள் விடும் தண்ணீர் சூடாக இருந்தால் ஒரு திசையிலும் குளிர்ந்திருந்தால் எதிர்த்திசையிலும் கண்கள் துடிப்பதைக் கண்டு இந்த உறுப்பை ஆராய்ந்த ராபர்ட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குழாய்களுக்கு அருகிலுள்ள பை ஒன்றில், புவியீர்ப்பை உணர்வதற்காக, கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கின்றன. உவரிக் கடற்கரையில் கிடக்கும் சிப்பி ஓடும் இதே பொருள்தான். வயது ஏறும்போதோ தலையில் அடிபட்ட பிறகோ சில துகள்கள் கழன்று குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை அசையும்போதெல்லாம் அவை உருண்டு திரவத்தையும் இழுக்கின்றன. அந்தக் காது ‘சுற்றுகிறோம்’ என்கிறது, கண்ணும் மற்றக் காதும் ‘இல்லை’ என்கின்றன. மூளை படும் இந்தக் குழப்பத்தையே நாம் தலைசுற்றலாக உணர்கிறோம். இதற்கு மாத்திரையைவிடத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடும் எப்ளி முறையே ஏற்றது. பலருக்கு ஓரிரு அமர்வுகளில் சரியாகிவிடும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

சுழற்சியோடு காது இரைச்சலும் அடைப்பும் கேள்விக் குறைவும் சேர்ந்து, மணிக்கணக்கில் நீடித்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் சுழற்சி வருவதுண்டு. திடீரென ஒரு காது கேட்காமல் போனால், அன்றோ மறுநாளோ காது மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் கேள்வித்திறன் மீளும் வாய்ப்பு குறையும்.

எழுந்ததும் கண் இருட்டுவது வேறு கதை. நாம் நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. உடனே ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் விரைந்து துடித்து அதை ஈடுகட்ட வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் வேர்த்து நீர் வற்றியவருக்கும், ரத்த அழுத்த மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ எடுத்துக்கொண்டு இரவில் சிறுநீர் கழிக்க எழும் பெரியவருக்கும் இந்த ஈடுகட்டல் தாமதமாகிறது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ குறைந்தால் அது கவனிக்க வேண்டியது. ஆகவே படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

விரதமென்று சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டுக்கொள்பவருக்குக் கிறக்கத்தோடு வேர்வையும் கைநடுக்கமும் வந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நாளெல்லாம் பீடி சுற்றும் பெண்கள் கிறக்கத்தையும் களைப்பையும் வேலைப்பளு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது ரத்தசோகையாக இருக்கலாம் என்பதால் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுவது நல்லது. பெண்களுக்கு அது 12க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு 11க்கு.

காத்திருக்கவே கூடாத கிறக்கமும் உண்டு. வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், பார்வை இரண்டாகத் தெரிதல், ஒரு பக்கக் கை கால் மரத்தல், பிடித்துக்கொள்ளாமல் நிற்கவே முடியாமை, இதுவரை கண்டிராத தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கிறக்கத்தோடு வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். நெஞ்சுவலி, படபடப்போடு நினைவிழத்தல், தலையில் அடிபட்ட பின் வாந்தி, கறுப்பாக மலம் போதல் ஆகியவையும் அதே அவசரத்துக்குரியவை. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும் என்பதால், கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அவசரமில்லாத கிறக்கமும் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறை சுழற்சி வரும்போது பக்கத்தில் இருப்பவர் உங்கள் கண்களைச் செல்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்தால், கருவிழி எந்தப் பக்கம் துடிக்கிறது என்பதை மருத்துவர் அதில் பார்த்துக்கொள்வார்.