“பிள்ளைய எத்தன?”

நாகர்கோவிலில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

பத்து வயதுப் பையனைக் குளத்தில் பறிகொடுத்த ஒரு அம்மா நான்காவது மாதம் என்னிடம் வந்தார். மூத்தவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவருடைய சிநேகிதமெல்லாம் பையன் வழியாக வந்தது. பள்ளி வேன் வரும்வரை முக்கில் நின்று பேசிப் பேசியே ஐந்து வருடத்தில் நாலு பெண்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பையன் போனதும் அந்த முக்குக்குப் போக இவருக்கு வேலை இல்லை. பதினாறாம் நாள் வரைக்கும் வீடு நிறைய ஆள். அதற்கப்புறம் அந்த நாலு பேரும் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். தங்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்கிற கூச்சம்தான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாரோ இவரை நீக்கியும் விட்டார்கள். பரீட்சை அட்டவணை, சுற்றுலாப் போட்டோவெல்லாம் பார்த்தால் மனசு கஷ்டப்படுமே என்று நல்லெண்ணத்தில் செய்ததாகத்தான் இருக்கும். “என் பிள்ளைய ரெண்டாவது தடவ பேரு வெட்டுனாவ” என்றார் அவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “வீட்டிலேயே இருக்காதீர்கள், நாலு பேரோடு பழகுங்கள்” என்று ஒரு தையல் வகுப்பில் சேரச் சொன்னேன். துக்கத்தில் இருப்பவருக்கு ஊரே சொல்லும் புத்திமதி. அதைக் காசு வாங்கிக்கொண்டு நானும் சொன்னேன், அவ்வளவுதான்.

முதல் நாளே பக்கத்து மெஷினில் இருந்த பெண் கேட்டார்: “பிள்ளைய எத்தன?”

நம்மூரில் அறிமுகமே இதில்தானே தொடங்குகிறது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்புவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். இவர் “ஒண்ணு” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு கை ஓடவில்லை. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு வந்து, பையனுடைய சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் என் முன்னால் உட்கார்ந்து, “கணக்குல இருந்தே அவன எடுத்துட்டேன் மேடம்” என்றார்.

புது மனிதர்களிடம் அனுப்புவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்து கொடுத்திருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை.

அன்றைக்கு இருவருமாக உட்கார்ந்து பதில்களைச் சொல்லிப் பார்த்தோம். இனி பார்க்கவே போகாத ஆள் கேட்டால், “மூத்தவ பிளஸ் ஒன் படிக்கா” என்று எண்ணிக்கையைத் தொடாமல் பேச்சை நகர்த்தலாம். “ஒண்ணு” என்றே சொன்னாலும் அது துரோகம் இல்லை. கண்டவரையெல்லாம் யாரும் நடு வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லையே. தினமும் முகம் பார்க்க வேண்டியவர் என்றால், “ரெண்டு. இளையவன் தவறிட்டான். அதப் பத்தி இப்ப பேச முடியல, பொறவு சொல்லுதேன்.” இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் எப்படி, எங்கே, எந்தக் குளம் என்று கிளற ஆரம்பித்துவிடுவார். ஐந்தாறு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தோம். முதல் இரண்டு முறை குரல் உடைந்தது.

மறுபடி போனார். இரண்டு வாரம் கழித்து அதே பெண்ணிடம் அவராகவே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: “பேரென்ன?”

“இத்தன நாள்ல அவன் பேர யாருமே கேக்கல மேடம்.” தெரிந்தவர்கள் பெயரைச் சொல்லாமல் தவிர்த்தார்கள், தெரியாதவர்களுக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்ததே தெரியாது. இப்போது கேட்க ஓர் ஆள். பையனுடைய பிறந்தநாளுக்கு அந்தச் சிநேகிதி ஒரு டப்பாவில் முந்திரிக்கொத்து கொண்டு வந்தாராம். அவனுக்குப் பிடிக்கும் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்.

பிள்ளையை இழந்தவர்கள் புதிதாகப் பழகத் தயங்குவதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. சிரித்துவிட்டால் பிள்ளையை மறந்துவிட்டோமோ என்ற பயம். அவனைப் பார்த்தே இராத ஒருவரோடு நெருக்கமாவது அவனை விட்டுவிட்டு மேலே போவதுபோல ஒரு குற்ற உணர்வு. ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் முன்வைத்த ஒரு விளக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார். அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம் என்பது அவர்கள் கருத்து. காலையில் தையல் வகுப்பில் சிரித்துவிட்டு மத்தியானம் சட்டையைக் கட்டிக்கொண்டு அழுதால் பின்னடைவு இல்லை. மறுப்பில் தொடங்கி ஏற்றுக்கொள்வதில் முடியும், துக்கத்துக்கு ஐந்து படி என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது 1969-இல் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசி எழுதப்பட்டது. அந்தப் படிகளில் நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் என் அறைக்கு வருவதே அபூர்வம். ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் படகில். வளைகுடாவில் இருப்பவர் அடக்கம் முடிந்த கையோடு விமானம் ஏறிவிடுகிறார். அங்கே கூட இருக்கும் ஆட்களில் பாதிப் பேருக்கு விஷயமே தெரிந்திருக்காது. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிற ஒருவர், மகள் போன பிறகு யாரோடும் பேசுவதை நிறுத்தியிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக வந்த வெட்டுக்காரர் விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு போகும்போது சேர்ந்து நடக்க ஆரம்பித்திருக்கிறார். முன்னும் பின்னுமாக இருட்டில் நடை, மரத்துக்கு மரம் சிரட்டை, பால் எடுத்த பிறகு ஒரு கட்டன்சாயா. மூன்று மாதம் மகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு நாள் மழையில் வெட்டு இல்லாமல் ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது தானாகச் சொன்னாராம். ஆண்களை எதிர் எதிரே உட்கார வைத்துப் “பேசு” என்றால் பேச மாட்டார்கள். ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால், தாமதமானாலும், வாய் திறப்பார்கள்.

இழந்தவரோடு இழந்தவர் சேருவது வேறு வகை. 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, கீழமணக்குடிக் கரைகளில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் போனார்கள். டிசம்பர் 26 வந்தால் கல்லறையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு. ஒற்றை வீட்டில் நடந்த சாவுக்கு அப்படி ஒரு நாளும் இல்லை, கூட்டமும் இல்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1968-இல் ஒரே மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அங்கிருந்த இளம் பாதிரியார் ஒருவர் கவனித்தார்: தான் சொல்லும் ஆறுதலைவிட அந்த இரண்டு பெற்றோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் பலிக்கிறது. அதிலிருந்து மறு வருடம் பிறந்த ‘கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்’ அமைப்பு இன்று பல நாடுகளில் இருக்கிறது. நம்மிடம் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியம் இருக்கிறது, சி.எஸ்.ஐ. சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது, சுய உதவிக் குழு இல்லாத தெரு இல்லை. ஒரு குழுவில் பிள்ளையை இழந்தவர் இரண்டு பேர் இருந்தால், தனியாக ஒரு சாயா குடிக்க வையுங்கள். சம்மதம் கேட்டுவிட்டுத்தான்.

எல்லாப் புதுச் சிநேகிதமும் நல்லதும் அல்ல. விபத்துக்குப் பணம் வந்த வீட்டுக்குச் சீட்டுச் சேர்க்க வருகிறவர்கள் உண்டு. “உன் பிள்ளை என் கனவில் வந்தான், ஒரு பரிகாரம் பாக்கியிருக்கு” என்று வரும் அக்காமாரும் உண்டு. முதல் வருடம் புதிய ஆளுக்குப் பணம், நகை, கையெழுத்து மூன்றும் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

சிநேகிதிக்குத் தாங்காத பாரமும் ஒன்று உண்டு. “நானும் அவன் பின்னால போயிரணும்” என்ற பேச்சு வந்தால் ரகசியம் காக்க வேண்டாம். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கூட்டிப் போகலாம். ஆறு மாதம் தாண்டியும் துக்கத்தின் கடுமை கொஞ்சமும் குறையாமல், அன்றாட வேலையே நின்றுபோயிருந்தால் ஒரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஆறு மாதத்தில் அழுகையை முடித்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை.

அந்த அம்மா முதல் நாள் வந்தபோது என் படிவத்தில் ‘பிள்ளைகள் எண்ணிக்கை’ என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை; படிவத்தை வாங்கிப் பார்த்தபோது அங்கே ஒரு மைப்புள்ளி மட்டும் இருந்தது. இப்போது அந்த வரியை எடுத்துவிட்டு ‘பிள்ளைகளின் பெயர்கள்’ என்று போட்டு, நாலு கோடு இடம் விட்டிருக்கிறேன்.