திரையில் தெரியும் எண் தோல் டோஸ் இல்லை

சிடி ஸ்கேன் இயந்திரத்தின் திரையில் வரும் சிடிடிஐ எண்ணை (ஸ்கேனர் விடும் கதிர்வீச்சின் அளவைக் காட்டும் குறியீடு) அப்படியே எடுத்து, "நோயாளியின் தோல் டோஸ்", அதாவது தோல் வாங்கிய கதிர்வீச்சின் அளவு, என்று எழுதிய அறிக்கை இன்னொன்று வந்திருக்கிறது. மருத்துவ இயற்பியலாளராக இதைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது.

அந்த எண் நோயாளியை அளந்து வந்தது இல்லை. அக்ரிலிக் உருளைக்குள் அளந்ததை வைத்துப் போட்ட கணக்கு. உருளையின் விட்டம் தலைக்கு 16 செ.மீ., உடம்புக்கு 32 செ.மீ. ஆளுக்கேற்ப இயந்திரம் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும், எண்ணும் மாறும். உருளை மட்டும் மாறாது. சின்னக் குழந்தையின் வயிற்று ஸ்கேனுக்கு 32 செ.மீ. உருளைக் கணக்கைக் காட்டினால், உண்மையான டோஸ் அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டலாம். மேசை நகராமல் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேனிலோ, அதே எண் தோலின் உச்ச டோஸைக் கூட்டியே காட்டும். எந்தப் பக்கம் தப்பும் என்றே தெரியாத எண்ணை எப்படித் தோல் டோஸ் என்று எழுதுவது?

தோலில் அளக்க வேண்டுமென்றால் தோலில்தான் வைக்க வேண்டும். டிஎல்டி சில்லுகளை (பட்ட கதிரைச் சேமித்து, சூடாக்கினால் ஒளியாக விடும் சின்ன அளவிகள்) அளக்கும் கதிரின் ஆற்றலுக்கேற்ப அளவுதிருத்தம் செய்யுங்கள்; ஆற்றல் மிகுந்த கோபால்ட் கதிரில் செய்ததை அப்படியே கொண்டுவராதீர்கள். ஒரே ஒரு சில்லை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். சுருள் ஸ்கேனில் கற்றை திருகு போல் சுற்றிப் போவதால் தோலில் டோஸ் பட்டை பட்டையாக விழும். கதிர் பட்டால் கறுக்கும் ரேடியோகுரோமிக் பிலிமைச் சுற்றி எடுத்துப் பாருங்கள், கறுத்த பட்டையும் வெளிறிய பட்டையும் கண்ணுக்கே தெரியும். உங்கள் சில்லு எந்தப் பட்டையில் உட்கார்ந்ததோ!

சரி, அப்படியென்றால் திரை எண்ணைப் பார்க்கவே வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் பெர்ஃப்யூஷன் ஸ்கேனுக்கு அதிகபட்சம் 0.5 கிரே (கிரே என்பது டோஸின் அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 3 முதல் 4 கிரே போனது 2009இல் தெரியவந்தது. சுமார் 18 மாதங்களில் 206 பேர். சிலருக்கு முடி உதிர்ந்தது, தோல் சிவந்தது. தொடங்கும் முன் எண்ணைப் பாருங்கள், ஏறுமாறாக இருந்தால் நிறுத்துங்கள். நோயாளியை ஸ்கேனர் வளையத்தின் நடுவில் வரும்படி படுக்க வையுங்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயாளிகள் பயப்பட வேண்டாம். வழக்கமான ஸ்கேன் ஒன்றில் சில பத்து மில்லிகிரே. தோல் சிவக்கச் சுமார் 2 கிரே வேண்டும். தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் அண்மையில் ஆஞ்சியோ செய்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்; அதிலும் தோலில் எக்ஸ்ரே பட்டிருக்கும். ஸ்கேன் முடிந்து சில வாரங்களில் தலையைச் சுற்றிப் பட்டையாக முடி கொட்டினால், ஸ்கேன் எடுத்த தேதியோடு டாக்டரிடம் போங்கள்.