வீட்டில் ஒலிப்பதிவு செய்யக் கணினி வாங்கும் முன்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள், வாங்கப்போகும் கணினியின் உதிரிபாகப் பட்டியலை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. பெரும்பாலான பட்டியல்களில் முதல் வரி கிராபிக்ஸ் கார்டு. அடுத்து, கண்ணாடிச் சுவரும் வண்ண விளக்கும் கொண்ட பெட்டி. பிறகு, கைக்கெட்டும் விலையில் எத்தனை கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கிடைக்குமோ அத்தனை கோர் உள்ள பிராசஸர். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்போன் எல்லாம் கடைசியில், மிஞ்சிய பணத்துக்குள் அடங்கியாக வேண்டும். இது விளையாட்டுக்கான கணினி. இதில் பதிவு செய்யவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவின் பெரும்பகுதி இசைக்குப் பயன்படாமல் போகும். சில பாகங்கள் இசைக்குத் தொல்லையாகவே மாறும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

பாகங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், பதிவின்போது கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். மைக்கிலிருந்து வரும் ஒலி நொடிக்கு 48,000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாறுகிறது. ஒவ்வோர் அளவீடும் ஒரு சாம்பிள். கணினி இவற்றை ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. சிறு தொகுதிகளாகச் சேர்த்து வாங்குகிறது. அந்தத் தொகுதியின் அளவைத்தான் பஃபர் என்கிறோம். பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால், ஒரு தொகுதிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 2.7 மில்லி நொடி. எல்லா டிராக்குகளின் (தனித்தனியாகப் பதிந்த குரல், கருவிகளின்) ஈக்வலைசர், கம்ப்ரசர், ரிவெர்ப் போன்ற ஒலித் திருத்தங்கள் அத்தனையையும் அதற்குள் கணக்கிட்டு, கலந்து, வெளியே அனுப்பியாக வேண்டும். ஏனென்றால் அடுத்த தொகுதி வாசலில் நிற்கிறது. நொடிக்கு 375 முறை இந்தக் கெடு வருகிறது. நான்கு நிமிடப் பாட்டில் 90,000 முறை. அதில் ஒரே ஒரு முறை கணினி பிந்தினாலும் 'டக்' என்ற வெடிப்பு காதில் விழும். அது பதிவிலும் ஏறிவிட்டால், நன்றாகப் பாடிய அந்த வரியைத் திரும்பப் பாட வேண்டியதுதான்.

எனவே, மொத்த வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறது என்று அளக்கும் மதிப்பெண்களை நம்பி இந்தக் கணினியைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீடியோவை மாற்றும்போது கணினி நடுவில் அரை நொடி திணறினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இங்கே சில மில்லி நொடி திணறலே வேலையைக் கெடுத்துவிடும். "பிராசஸர் பயன்பாடு முப்பது சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் ஒலி உடைகிறதே, ஏன்?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த முப்பது சதவீதம் எல்லாக் கோர்களுக்குமான சராசரி. கெடு தவறிய ஒரு கணம் சராசரியில் மறைந்துபோகும்.

பஃபரைப் பெரிதாக வைத்துவிட்டால் சிக்கல் தீராதா என்றால், பதிந்த டிராக்குகளைக் கலந்து மிக்சிங் செய்யும்போது தீரும். அப்போது 1024 சாம்பிள் வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை செய்யலாம். பாடும்போது அது நடக்காது. உள்ளே வர ஒரு பஃபர், வெளியே போக ஒரு பஃபர் என்று கணக்கிட்டால் 1024 சாம்பிளில் நாற்பது மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடும். தன் குரலே தனக்குப் பின்னால் வருவதைக் கேட்டுக்கொண்டு தாளம் தவறாமல் பாடுவது மிகக் கடினம். போகவர மொத்தம் பத்து மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு உறுத்தாது. சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி காதை அடைய ஆகும் நேரம் அது. இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் டைரக்ட் மானிட்டரிங் வசதி இருந்தால் பாடகருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கீபோர்டில் வாசித்து, கணினிக்குள் இருக்கும் மென்பொருள் பியானோவை ஒலிக்கச் செய்பவருக்கு அந்த வசதி உதவாது. அவருக்குச் சிறிய பஃபர் வேண்டும்; அதைத் தாங்கும் கணினி வேண்டும்.

பிராசஸரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனத்தில் வையுங்கள். ஒரு டிராக்கில் ஐந்து பிளகின் (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்) வரிசையாக இருந்தால், முதலாவது முடித்துத் தந்த பிறகுதான் இரண்டாவது தொடங்க முடியும். அந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பங்கிட்டு நேரத்தை மிச்சப்படுத்த இயலாது. எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டரிலும் இதே கதைதான். ஆகவே ஒற்றைக் கோரின் வேகம் முதலில், கோர்களின் எண்ணிக்கை பிறகு. தற்போதைய தலைமுறையைச் சேர்ந்த, ஆறு அல்லது எட்டு வலுவான கோர் கொண்ட நடுத்தர விலைப் பிராசஸரே வீட்டு ஒலிப்பதிவுக்குத் தாராளம். பழைய தலைமுறைப் பதினாறு கோர் மலிவாகக் கிடைக்கிறது என்று அதன் பக்கம் போகாதீர்கள். 2021-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து இன்டெலின் பல பிராசஸர்களில் வலுவான கோர்களும் மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறிய கோர்களும் கலந்திருக்கின்றன. அப்படிப்பட்டதை வாங்கினால் விண்டோஸ் 11-உம், உங்கள் இசை மென்பொருளின் அண்மைப் பதிப்பும் வைத்துக்கொள்வது நல்லது.

கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. டிராக்குகளையும் அலைவடிவங்களையும் திரையில் காட்ட பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். தனிக் கார்டு வெப்பத்தையும் மின்விசிறிச் சத்தத்தையும் கொண்டுவருகிறது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் சில நேரம் பிராசஸரைக் கணநேரம் பிடித்து வைத்து, கெடு தவறவும் காரணமாகிறது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இன்டெல் பிராசஸரின் எண் எஃப் என்ற எழுத்தோடு முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. சற்று மலிவு என்று அதை வாங்கிவிட்டால், வேண்டாத கார்டையும் சேர்த்து வாங்க நேரும்.

ரேம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குரலும் நான்கைந்து கருவிகளும் என்றால் 16 ஜிபி, மென்பொருள் கருவிகள் நிறைய என்றால் 32 ஜிபி, முழு ஆர்கெஸ்ட்ரா நூலகங்களை அடுக்குகிறவருக்கு 64 ஜிபி. ஒற்றைப் பட்டையாக வாங்காமல் இரண்டு பட்டைகளாக வாங்குங்கள்.

சேமிப்பில் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி எடுத்துக்கொள்ளும். பதினாறு டிராக்குகளை ஒரே நேரத்தில் பதிந்தாலும் நொடிக்கு 2.3 எம்பிதான். இதைப் பழைய ஹார்டு டிஸ்க்கும் செய்யும். எஸ்.எஸ்.டி. இன்றியமையாததாவது, உண்மைக் கருவிகளின் ஒலிப்பதிவுகளைக் கொண்டு ஒலிக்கும் சாம்பிள் கருவிகளால்தான். அவை ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, விரல் பட்டதும் மீதியை டிஸ்க்கிலிருந்து இழுக்கின்றன. பத்து விரலும் பெடலும் சேர்ந்தால் டிஸ்க்கின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் படிக்க வேண்டியிருக்கும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே இதற்கு நன்றாக ஈடுகொடுக்கிறது. எனவே மிக வேகமான மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கிப் பதிவுகளுக்கு நகல் எடுத்து வையுங்கள். டிஸ்க் பழுதானால் புதிது வாங்கலாம். பாடியது திரும்ப வராது.

இனி, பலரும் பட்டியலில் எழுதவே மறந்துவிடும் ஒன்று: சத்தம். உங்கள் மைக் இருக்கும் அறையிலேயே கணினியும் இருக்கப்போகிறது. காதுக்குப் பழகிப்போன மின்விசிறி இரைச்சலை, மெல்லிய ஒலியையும் வாங்கும் கண்டென்சர் மைக் விடாது. குரலுக்குக் கம்ப்ரசர் போட்டுப் பத்து டெசிபெல் உயர்த்தினால், வரிகளுக்கு இடையே இருக்கும் இரைச்சலும் பத்து டெசிபெல் உயரும். அதே அறையில் எட்டு முறை பாடி எட்டு டிராக்குகளைச் சம அளவில் அடுக்கினால் இரைச்சல் இன்னும் ஒன்பது டெசிபெல் கூடும். பிறகு மென்பொருளால் நீக்கிக்கொள்ளலாம் என்பார்கள். அளவுக்கு மீறி நீக்கினால் குரலின் மூச்சும் மென்மையும் அதோடு சேர்ந்து போய்விடும்.

ஆகவே மின்விசிறி பெரியதாக இருக்கட்டும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும். சிறிய விசிறி அதே காற்றுக்கு வேகமாகச் சுழன்று கீச்சிடும். பிராசஸருக்குப் பெரிய காற்றுக் குளிர்விப்பானே போதும். நீர்க் குளிர்விப்பில் பம்ப் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கும் ஒரு முனகல் உண்டு. பவர் சப்ளையைத் தேவைக்குச் சற்றுக் கூடுதல் வாட்டில் வாங்குங்கள். சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்திவிடும் வகைகளும் கிடைக்கின்றன. 80 பிளஸ் முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, அமைதிக்கு உத்தரவாதம் தருவதில்லை. செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கம் வரும் ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும். மைக்கின் முதுகு கணினியைப் பார்க்கும்படி நிறுத்துங்கள்.

லேப்டாப் வேண்டாமா என்று கேட்டால், ஊர் ஊராகச் சென்று பதிவு செய்பவருக்கு அதுதான் வேண்டும். ஆனால் அதன் சின்ன விசிறி கடும் வேலையில் உரக்கச் சுழலும். வெப்பம் ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல மாடல்களில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. 2020-இல் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட மேக்புக்குகள் அனைத்தும் அப்படித்தான். எனவே வாங்கும்போதே போதுமான அளவு வாங்கிவிடுங்கள். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்டால் கணினியைக் குறைசொல்லும் முன், வழியில் புகும் இரைச்சலை நீக்கும் பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறிப் பாருங்கள். பெரும்பாலும் அது மின் இணைப்பின் எர்த் வழியே உருவாகும் சுழற்சியால் வருவது.

ஆடியோ இன்டர்ஃபேஸில் யுஎஸ்பி 2.0 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பழையது என்று ஒதுக்காதீர்கள். நொடிக்கு 480 மெகாபிட் கடத்தும் அந்த வழியில், எட்டு உள்ளீடும் எட்டு வெளியீடும் சேர்ந்தாலும் 20 மெகாபிட்கூட ஆகாது. தாமதத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு இன்டர்ஃபேஸின் டிரைவருக்குத்தான். விண்டோஸில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய, தாமதம் குறைந்த ஏஎஸ்ஐஓ முறைக்கு, தயாரிப்பாளரே எழுதிய டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவான மாற்று டிரைவர்கள் அவசரத்துக்கு மட்டும். மேக்கில் அதே வேலையைச் செய்யும் கோர் ஆடியோ இயங்குதளத்தோடேயே வருகிறது. எந்தக் கணினியானாலும் இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியிலேயே செருகுங்கள்.

வாங்கிய பின், மாற்றிக்கொள்ளும் காலக்கெடு முடிவதற்குள் கணினியைச் சோதித்துவிடுங்கள். வைஃபையை அணைத்து, மின்சேமிப்பு அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றி, பஃபரை 128-இல் வைத்து, டிராக்குகள் நிறைந்த ஒரு பாட்டை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். வெடிப்பு கேட்டால், விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓட்டினால் எந்த டிரைவர் பிராசஸரைப் பிடித்து வைக்கிறது என்று காட்டும். பல நேரம் ஒரு டிரைவரைப் புதுப்பித்தாலே சரியாகிவிடும். பிறகு, பாடும்போது வைக்கும் அதே அளவில் மைக்கைத் திறந்து, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். எந்த விசிறியை மாற்ற வேண்டும், கணினியை எங்கே தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடப் பதிவிலேயே தெரிந்துவிடும். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு, பாதியில் நிற்கும் பாட்டு ஒன்று கையில் இருக்கும்போது இயங்குதளத்தையோ இசை மென்பொருளையோ புதிய பதிப்புக்கு மாற்றாதீர்கள். பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, நகலும் எடுத்துவிட்டு மாற்றுங்கள்.