பெண்ணும் நெற்கதிரும் ஏன் பிரிந்து நின்றன?

தலவாக்கலையைச் சேர்ந்த உயர்தர மாணவி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கும் அவர், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு மகளிர் தினத்தன்று ஓர் இமோஜி அனுப்ப நினைத்தார். கொழுந்து பறிக்கும் பெண் எங்கும் கிடைக்கவில்லை. விவசாயப் பெண்தான் இருந்தாள். அவளையே குறுஞ்செய்தியில் அனுப்பிவைத்தார். அம்மாவின் பழைய கைத்தொலைபேசியிலோ ஒரு பெண்முகமும், பக்கத்தில் ஒரு நெற்கதிரும் தனித்தனியாக வந்து நின்றன. “நமக்கு ஏதும்மா வயல்?” என்று அம்மா கேட்டிருக்கிறார். படம் ஏன் பிரிந்தது, இதையெல்லாம் விளக்குகிற இமோஜி நிபுணர் என்றொரு வேலை உண்மையில் உண்டா என்பவை மாணவியின் கேள்விகள்.

வேலை உண்டு. ஜெரமி பர்ஜ் என்ற அவுஸ்திரேலியர் 2013இல் இமோஜிபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி, அதையே தொழிலாக்கிக்கொண்டார். லண்டனில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் இமோஜி மொழிபெயர்ப்பாளர் தேவை என்று விளம்பரம் செய்து, 2017இல் அயர்லாந்தைச் சேர்ந்த கீத் புரோனியை அமர்த்தியது. வணிக உளவியல் படித்த அவர் பிறகு இமோஜிபீடியாவின் தலைமை ஆசிரியரானார். அனுப்புகிறவர் நினைத்தது ஒன்று, பெறுகிறவர் பார்ப்பது வேறொன்று என்று ஆகும் இடங்களைக் கண்டுபிடிப்பது இவர்கள் வேலையில் பெரும்பகுதி. மாணவியின் அம்மாவுக்கு நேர்ந்ததும் அதுதான்.

கணினிக்கு எண்தான் தெரியும், படம் தெரியாது என்பது பள்ளியில் படித்த விடயம். யுனிகோட் என்ற உலகப் பொது அட்டவணையில் ‘க’வுக்கு 2965, பெண்ணுக்கு 128105, நெற்கதிருக்கு 127806. குறுஞ்செய்தியில் பயணம் செய்பவை இந்த எண்களே. அவற்றுக்கு உருவம் கொடுப்பது பெறுகிறவரின் தொலைபேசியில் இருக்கும் எழுத்துரு. ஜப்பானிய வடிவமைப்பாளர் ஷிகெடகா குரிடா 1999இல் வரைந்த 176 சிறு படங்களால் பிரபலமான இமோஜி வழக்கம், 2010இல் யுனிகோட்டுக்குள் முறையாக நுழைந்தது.

ஆனால் விவசாயப் பெண்ணுக்குத் தனி எண் கிடையாது. பெண்களைத் தொழில் செய்பவர்களாகக் காட்டும் படங்கள் வேண்டும் என்று கூகுள் பணியாளர்கள் சிலர் 2016இல் முன்மொழிந்தபோது, புதிய எண்கள் கேட்காமல் இருப்பவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். பெண், அடுத்து 8205, அடுத்து நெற்கதிர். நடுவில் உள்ள 8205 என்பது அகலமில்லா இணைப்பான். திரையில் அது ஒரு புள்ளியளவு இடம்கூடப் பிடிப்பதில்லை. எனக்கு யுனிகோட்டில் மிகவும் பிடித்த எழுத்து இதுதான்.

எழுத்துருக் கோப்புக்குள் ஒரு பதிலீட்டு அட்டவணை இருக்கிறது. பெண், இணைப்பான், நெற்கதிர் என்று இதே ஒழுங்கில் வந்தால் மூன்றையும் எடுத்துவிட்டு விவசாயப் பெண்ணின் படத்தை வை என்பது அதில் ஒரு விதி. ஒழுங்கை மாற்றிப் போட்டால் விதி பொருந்தாது. 2016க்கு முந்திய எழுத்துருவில் அந்த விதியே இல்லை. அப்போது தொலைபேசி தன்னிடம் உள்ளதை வரிசையாகக் காட்டிவிடுகிறது. பதுளை ரயிலில் கொக்கி மாட்டாவிட்டால் பெட்டிகள் தனித்தனியே நிற்குமே தவிர எந்தப் பெட்டியும் காணாமல் போவதில்லை அல்லவா, அப்படித்தான். அம்மாவின் தொலைபேசி எதையும் தொலைக்கவில்லை. மகள் அனுப்பியதன் உறுப்புகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தன. துருவக் கரடியும் பழைய தொலைபேசிகளில் இதேபோல் ஒரு கரடியும் ஒரு பனித்துகளுமாகப் பிரியும்.

இந்த இணைப்பான் இமோஜிக்காகப் பிறந்ததல்ல. அரபு, இந்திய வகை எழுத்துகளுக்காக அதற்கு முன்பே வந்தது. மலையகத்தில் நாம் அதைத் தினமும் பார்க்கிறோம். சிங்களத்தில் ஸ்ரீ லங்கா என்று எழுதும்போது முதல் எழுத்தின் அடியில் ரகரம் ஒரு வளைவாக ஒட்டிக்கொள்கிறது. வித்யாலய என்பதில் யகரம் தகரத்தின் வலப்பக்கத்தில் வளைந்து ஒட்டுகிறது. கணினியில் இவ்விரண்டு ஒட்டுகளிலும் எழுத்துகளுக்கு இடையில் இருப்பது அதே 8205. அதை நீக்கினால் ரகரமும் யகரமும் முழு எழுத்துகளாகப் பிரிந்து நிற்கும். ஹட்டனில் அச்சான ஒரு பாடசாலைப் பெயர்ப்பலகையும், ஜப்பானில் தொடங்கிய ஒரு படமும் ஒரே பொறியில் இயங்குகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

சரி, கொழுந்து பறிக்கும் பெண்? பெண், இணைப்பான், காற்றிலாடும் இலை என்று இன்றைக்கே யாரும் எண்களை வரிசைப்படுத்தலாம். எழுத்துருக்களில் அந்த ஒரு விதி மட்டும் இல்லை. விதி வரவேண்டுமானால் யுனிகோட் அமைப்புக்கு முன்மொழிவு எழுத வேண்டும். அந்தச் சொல்லை மக்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்று கூகுள் தேடல் வரைபடங்களில் காட்ட வேண்டும். அதை அவர்கள் அளவுகோலாக வைத்திருக்கும் யானை என்ற சொல்லின் தேடலோடு ஒப்பிட்டும் காட்ட வேண்டும். இந்த அளவுகோல் எனக்கு உடன்பாடில்லை. பெரிய மொழிகளில் தேடப்படுவதுதான் அதில் பெரிதாகத் தெரியும். விடியற்காலையில் மலையேறும் ஒரு பெண் தன் தொழிலின் பெயரைக் கூகுளில் தேடிக்கொண்டிருக்கப் போவதில்லை. நம் பல்கலைக்கழகங்கள் தமிழ், சிங்கள எழுத்துருவியலுக்கு ஆய்வுப் பணம் ஒதுக்கி, இத்தகைய முன்மொழிவுகளை எழுதத் தெரிந்தவர்களை உருவாக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தத் துறைக்கென்று தனிப் பட்டம் எதுவும் தேவையில்லை. மொழியியல், உளவியல், கணினி என எந்த வழியாகவும் உள்ளே வரலாம். தங்கைக்கு என் பரிந்துரை ஒன்று உண்டு. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதில் ஒரு சிங்கள எழுத்துருவைத் திறந்து, பதிலீட்டு விதிகளில் இணைப்பான் வரும் வரிகளைத் தேடிப் பாருங்கள்.