சோபாவின் படத்தைக் காட்டுங்கள்: பூனை பிராண்டுவதைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவர்

பூனை வீட்டையே கிழிக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சோபாவின் படத்தை. பூனை கூடைக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் காது, பல், எடை எல்லாம் அப்புறம். "எங்கே பிராண்டுகிறதோ, அந்த இடத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்பேன். அநேகமாக எல்லோருடைய ஃபோனிலும் இருக்கும். "பாருங்கள், உங்கள் செல்லம் செய்த வேலையை" என்று வீட்டில் யாரோ யாருக்கோ கோபத்தோடு அனுப்பிய படமாக இருக்கும். எனக்கு வேண்டிய பாதித் தகவல் அதில் கிடைத்துவிடும்.

ஒருமுறை ஒரு அம்மா மூன்று வயதுப் பெண் பூனையோடு வந்தார். உட்கார்ந்ததும் கேட்டார்: "டாக்டர், மயக்கம் கொடுத்து நகத்தை அடியோடு எடுத்துவிட முடியாதா? இவள் வலியில்லாமல் இருந்தால் போதும்." அவர் கல்மனசுக்காரர் இல்லை. பேசும்போதே அவர் விரல் பூனையின் தாடைக்கு அடியில் தடவிக்கொண்டிருந்தது. வீட்டில் புது சோபா வந்திருக்கிறது. ஒரு மாதத்தில் கைப்பிடி நார்நாராகிவிட்டது. பூனையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் அவர் வந்திருந்தார்.

இப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் ஒரு விஷயத்தைச் செய்யச் சொல்வேன். உங்கள் ஆள்காட்டி விரலின் கடைசி மூட்டைத் தொட்டுப் பாருங்கள். அந்த மூட்டிலிருந்து நுனிவரை இருக்கிற எலும்பை அப்படியே வெட்டி எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு நகம் எடுக்கும் அறுவை சிகிச்சை என்பது அதுதான். நம் நகம் சதையின் மேல் படிந்திருக்கிறது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது. மறுபடி முளைக்காமல் இருக்க வேண்டுமானால் எலும்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். முன்கால்களில் மட்டும் பத்து விரல், பத்து வெட்டு.

பூனை விரல்களை ஊன்றித்தான் நடக்கிறது. விரல் நுனி போனபின் அதன் நடையே மாறிவிடும். மணல் தட்டில் கால் வைத்தால் வலிக்கும் என்பதால் சில பூனைகள் தட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கும். தற்காத்துக்கொள்ள நகம் இல்லாததால் கடிக்கப் பழகுகிற பூனைகளும் உண்டு. எலும்பில் ஒரு சிறு துணுக்கு தங்கிவிட்டால்கூட, தோலுக்கு அடியில் நகம் கோணலாக வளர்ந்து சீழ் பிடிக்கும். செல்லப் பிராணிகளைக் காப்பதற்கான 1987ஆம் ஆண்டின் ஐரோப்பிய உடன்படிக்கை இந்தச் சிகிச்சையைத் தடை செய்யச் சொன்னது. அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக நியூயார்க் 2019இல் தடை செய்தது. நகத்தை விட்டுவிட்டு, அதை வெளியே நீட்டும் தசைநாரை மட்டும் வெட்டுகிற முறை ஒன்றும் உண்டு. அதையும் நான் செய்வதில்லை. நகம் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்க்க வழியில்லாமல் மடங்கி வளரும்.

அந்த அம்மாவிடம் முடியாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "சரி, படத்தைக் காட்டுங்கள்" என்றேன்.

சோபாவின் கைப்பிடி, வெளிப்பக்க மூலை. கோடுகள் மேலிருந்து கீழாக, நேராக. தரையிலிருந்து ஏறக்குறைய 70 செ.மீ. உயரத்தில் தொடங்கியிருந்தன. கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மூலை அது. பூனை மதியம் தூங்கும் இடம் அதற்குப் பக்கத்திலேயே என்று அவர் சொன்னார். "இவளுக்கென்று பிராண்டுவதற்குக் கம்பம் ஏதும் இல்லையா?" "வாங்கினோமே டாக்டர், திரும்பியும் பார்க்கவில்லை." எவ்வளவு உயரம் என்றேன். கையால் முழங்காலுக்குக் கீழே காட்டினார். எங்கே வைத்திருக்கிறீர்கள்? துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால். தொட்டால் ஆடுமா? ஆடும்.

பூனை எதைக் கேட்கிறது என்று சோபா தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு நிமிர்ந்து நிற்கிற பொருள் வேண்டும், முழு உடம்பையும் இழுத்து நீட்ட உயரம் வேண்டும், என் எடையைத் தாங்கி அசையாமல் நிற்க வேண்டும், எல்லோரும் நடமாடுகிற இடத்தில் இருக்க வேண்டும். அவர்கள் வாங்கிக் கொடுத்த கம்பத்தில் நிமிர்ந்து நிற்பதைத் தவிர இந்த நான்கில் வேறொன்றும் இல்லை.

பிராண்டுவது பூனைக்கு ஒரே நேரத்தில் பல வேலை. தூங்கி எழுந்ததும் முன்கால்களை உயரே ஊன்றி, முதுகை வில்லாக வளைத்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோளும் முதுகும் அப்போது நீண்டு கொடுக்கின்றன. அடுத்தது நகம். வெங்காயம் போல அடுக்கடுக்காக வளர்கிற அதன் மேலுறை அவ்வப்போது கழன்று விழ வேண்டும். "டாக்டர், நகம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது" என்று பயந்துபோய்க் காகிதத்தில் மடித்து எடுத்து வருவார்கள். பிரித்தால், பிறை வடிவில், உள்ளே குழிந்து, வெளிச்சத்தில் மங்கலாக ஊடு தெரிகிற ஓர் ஓடு இருக்கும். அது கழன்ற உறைதான். அதற்கடியில் புது நகம் கூர்மையாக வந்திருக்கும். உங்கள் கம்பளத்தில் இப்படி ஓடுகள் கிடந்தால் பதற வேண்டாம்.

மூன்றாவது காரணம்தான் வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. பூனையின் பாதத்தில் விரல்களுக்கிடையே வாசனைச் சுரப்பிகள் உண்டு. பிராண்டும்போது கோடு மட்டும் விழுவதில்லை, வாசனையும் படிகிறது. நம் மூக்குக்கு எட்டாது. பூனைக்கு அது பெயர்ப்பலகை மாதிரி: இது என் இடம், இங்கே நான் இருக்கிறேன். அதனால்தான் கண்ணில் படுகிற இடங்களாகப் பார்த்து, அதே மூலைக்கு மறுபடி மறுபடி வருகிறது. பின்னறையில் ஒளித்து வைத்த கம்பத்தால் பூனைக்குப் பயன் இல்லை.

இந்த மூன்றும் வயிற்றுப் பசி போன்றவை. அடக்க முடியாது, வேறு இடத்துக்குத் திருப்பலாம். அடித்தால், கத்தினால், முகத்தில் தண்ணீர் பீய்ச்சினால் பூனை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: இந்த ஆள் இருக்கும்போது பிராண்டக்கூடாது. நீங்கள் நகர்ந்ததும் தொடரும். கூடவே உங்களைக் கண்டு பயமும் வரும். பயந்த பூனைக்குத் தன் இடத்தை உறுதி செய்துகொள்ளும் தேவை கூடும். அதனால் அது இன்னும் அதிகமாகப் பிராண்டும்.

சரி, கம்பம் எப்படி இருக்க வேண்டும்? வளர்ந்த பூனைக்கு 90 செ.மீ. உயரம் இருந்தால் நிம்மதி. பூனை பின்னங்காலில் நின்று முழுதாக நீட்டும்போது கம்பத்தின் நுனி அதற்கும் மேலே இருக்க வேண்டும். அடிப்பலகை அகலமாக, கனமாக இருக்கட்டும். ஒரே ஒருமுறை கம்பம் சாய்ந்து மேலே விழுந்தாலும் போதும், பல பூனைகள் அந்தப் பக்கம் திரும்பாது. மேலே சுற்ற சைசல் எனப்படும் கற்றாழை நார்க்கயிறு நன்றாக இருக்கும். பிடிப்பும் உண்டு, கிழிகிற திருப்தியும் உண்டு. பழைய கம்பளத் துண்டைச் சுற்றிக் கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. கம்பத்தில் இருக்கிற கம்பளம் உன்னுடையது, தரையில் இருக்கிற கம்பளம் எங்களுடையது என்று பூனைக்கு எப்படிச் சொல்வீர்கள்?

ஆனால் எல்லாப் பூனையும் கம்பம் கேட்காது. சில படங்களில் சோபா பத்திரமாக இருக்கும், கம்பளம் மட்டும் பூப்பூவாகப் பிரிந்திருக்கும். அந்தப் பூனைக்குப் படுக்கைவாட்டில் இழுக்கப் பிடிக்கிறது. எவ்வளவு நல்ல கம்பம் வாங்கினாலும் பயன் இருக்காது. நெளிநெளியான அட்டையை அடுக்கிச் செய்த பலகையையோ முரட்டு நார்ப்பாயையோ, அந்தக் கம்பளக் கிழிசலின் மேலேயே, நகராதபடி வையுங்கள். இரண்டு விதமும் பிடித்த பூனைகளுக்கு இரண்டும் வேண்டும். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், ஒரே கம்பத்துக்குப் போட்டி வராமல் தனித்தனி இடங்களில் வையுங்கள்.

வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கம்பத்தைச் சோபாவின் கிழிந்த மூலையை ஒட்டியே வையுங்கள். கூடத்தின் அழகு கெடுகிறதே என்று தோன்றும். சில வாரம் பொறுங்கள். அதே நேரத்தில் அந்த மூலையைப் பூனைக்குப் பிடிக்காததாக மாற்ற வேண்டும். இருபுறமும் ஒட்டும் அகலமான டேப் ஒட்டலாம், அல்லது வழவழப்பான கனத்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடலாம். பாதம் ஒட்டிக்கொள்வது பூனைக்குப் பிடிக்காது. ஒன்றை மூடுவதும் பக்கத்திலேயே இன்னொன்றைத் தருவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். டேப் மட்டும் ஒட்டினால் பூனை அடுத்த நாற்காலிக்குப் போகும்.

பூனையின் காலைப் பிடித்துக் கம்பத்தில் தேய்த்துக் காட்டாதீர்கள். பிடித்து இழுத்தால் பூனைக்குக் கம்பம் என்றாலே வெறுப்பு வந்துவிடும். ஒரு கயிற்றுப் பொம்மையைக் கம்பத்தின் மேல் ஆட்டினால், பிடிக்க எட்டும்போது நகம் தானாகக் கயிற்றில் பதியும். பதிந்த அந்த நொடியிலேயே அதற்குப் பிடித்த தீனி ஒரு துணுக்கு, ஒரு கொஞ்சல். தூங்கி எழுந்ததும், நீங்கள் வெளியிலிருந்து வீடு திரும்பியதும் பூனைக்குப் பிராண்டும் உந்துதல் அதிகம். அந்த நேரங்களில் கம்பத்தருகே நின்று கூப்பிடுங்கள். கம்பத்தின்மேல் கேட்னிப் என்ற, பூனைகளை ஈர்க்கும் செடியின் காய்ந்த இலையைத் தூவலாம். பல பூனைகள் மயங்கிப் புரளும், சில கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அது பிறவியிலேயே அமைவது, உங்கள் பூனையிடம் குறையில்லை. குட்டிகளுக்கு முதல் சில மாதங்கள் அது வேலை செய்யாது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று பெயர் வைத்தவர்கள், அதன் வேரிடம் பூனை இப்படிக் கிறங்குவதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

பழக்கம் நன்றாகப் படிந்தபின், கம்பத்தை நாளுக்கு ஓரங்குலமாக உங்களுக்கு வசதியான பக்கம் நகர்த்தலாம். கந்தலாகிவிட்டதே என்று தூக்கிப் போட மட்டும் செய்யாதீர்கள். கந்தலாக இருப்பதால்தான் அது பூனையின் பொருள். அதன் கோடுகளும் வாசனையும் அதில்தான் இருக்கின்றன. புதிது வாங்கினால் பழையதன் பக்கத்தில் சில நாள் வையுங்கள். அல்லது கயிற்றைப் பாதி மட்டும் மாற்றிச் சுற்றுங்கள்.

வாசலுக்கும் சன்னலுக்கும் அருகில் மட்டும் திடீரென்று பிராண்டல் கூடினால், நான் கேட்பது வேறு கேள்வி. வெளியே புதிதாக ஒரு பூனை நடமாடுகிறதா? வீட்டுக்குப் புது ஆள், குழந்தை, நாய் வந்திருக்கிறதா? அங்கே பூனைக்குக் கவலை. கம்பத்தோடு, வெளிப்பூனை தெரியாதபடி சன்னலின் கீழ்ப்பாதியை மறைப்பதும், ஏறி ஒளிந்துகொள்ள உயரமான ஓர் இடம் தருவதும் உதவும்.

வாசனை எண்ணெய்களைத் தெளித்துப் பூனையை விரட்டும் யோசனைகளைத் தயவுசெய்து கேட்காதீர்கள். டீ ட்ரீ எண்ணெய், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்கள் போன்றவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பாதத்தில் பட்டதை அது நக்கியும் விடும். மிளகாய்த்தூளும் வேண்டாம், அந்தக் காலால்தான் அது கண்ணைத் துடைக்கும்.

நகத்தின் நுனியை வெட்டிவிடுவது சேதத்தை வெகுவாகக் குறைக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும், முன்கால்கள் மட்டும் போதும். பூனை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, விரலை மேலிருந்தும் கீழிருந்தும் சேர்த்து மெல்ல அழுத்துங்கள். நகம் உறையிலிருந்து வெளியே வரும். வெளிர்நிற நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு தண்டு தெரியும். அதில் ரத்தக் குழாயும் நரம்பும் இருக்கின்றன. அதற்கு 2 மி.மீ. முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். கறுத்த நகமானால் கொக்கி போன்ற நுனியை மட்டும் எடுங்கள். தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். ஒரே அமர்வில் பத்தையும் முடிக்க வேண்டியதில்லை. இரண்டு விரலுக்கே பூனை நெளிந்தால் விட்டுவிட்டு நாளை பாருங்கள். நகத்தின்மேல் ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் உறைகளும் உண்டு, சில வாரம் நிற்கும். பொறுமையான பூனைகளுக்குச் சரி, என் முதல் தேர்வு அதுவல்ல.

அந்த அம்மா ஆறு வாரம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தபோது புதுப் படம் காட்டினார். சோபாவை ஒட்டி உயரமாக ஒரு கம்பம், அதன் உச்சியில் இரண்டு பாதங்கள். கைப்பிடியில் இன்னும் டேப். "எடுத்துவிடலாமா?" என்றார். இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்றேன்.

இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும். பதினான்கு வயது ஆண் பூனை. "வயசானதும் திருந்திவிட்டான் டாக்டர், இப்போதெல்லாம் எதையும் பிராண்டுவதே இல்லை" என்று வீட்டார் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். வந்ததோ லேசாக நொண்டுகிறான் என்பதற்காக. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உறை கழலாமல் தடித்துப்போன நகம் ஒன்று முழு வட்டமாக வளைந்து, பஞ்சு போன்ற அடிப்பாதத்துக்குள் இறங்கியிருந்தது. தோளிலும் முழங்கையிலும் மூட்டுவலி. நீட்டி இழுத்தால் வலிக்கும் என்பதால் அவன் பிராண்டுவதை விட்டிருந்தான்.

நகத்தை வெட்டிப் புண்ணைக் கழுவினேன். பூனைகளுக்கான வலி மருந்து கொடுத்தேன். வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலை மட்டும் தொடாதீர்கள், பூனைக்கு அது உயிரையே எடுத்துவிடும் என்று எழுதியும் கொடுத்தேன். அவன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், காலைத் தூக்கத் தேவையில்லாதபடி, தரையோடு ஓர் அட்டைப் பலகை வைக்கச் சொன்னேன். மூன்றாவது வாரம் அவர்களிடமிருந்து ஒரு படம் வந்தது. பலகையில் மெல்லிய கோடுகள் நான்கைந்து, பக்கத்தில் பிறை வடிவில் ஓர் ஓடு.